முதுகில் எப்போது, வயிற்றில் எப்போது? எண் பட்டை பற்றி வாசகர் கேள்விகள்

ட்ரையத்லான் போட்டியில் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நான் ஒரே வரியில் கடந்துபோன ஒரு சிறு பொருளைப் பற்றியே கேட்டிருந்தன. போட்டி எண்ணை மாட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளும் இலாஸ்டிக் பட்டைதான் அது. வீரர்கள் பேச்சில் ரேஸ் பெல்ட். அதற்கு இவ்வளவு கேள்விகளா என்று முதலில் வியந்தேன். பிறகு என்னுடைய முதல் போட்டி நினைவுக்கு வந்தது, வியப்பு அடங்கிவிட்டது.

கேள்வி: மூன்று மாதங்களில் முதல் ட்ரையத்லானில் கலந்துகொள்ளப் போகிறேன். ஓட்டப் போட்டிகளில் எண்ணைச் சட்டையில் ஊக்கால் குத்திக்கொண்டுதானே ஓடுகிறோம். இதற்கு மட்டும் தனியாக ஒரு பட்டை எதற்கு?

பதில்: ஓட்டப் போட்டியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உடை, ஒரே திசை. ட்ரையத்லானில் நீந்தும்போது எண் தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் அணியவும் விடமாட்டார்கள். நீரிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது தேவையாகிறது. அப்போதும் சைக்கிளில் போகையில் முதுகுப் பக்கமும், ஓடுகையில் வயிற்றுப் பக்கமும் தெரிய வேண்டும் என்று பல போட்டிகள் எதிர்பார்க்கின்றன. ஊக்கால் குத்தினால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு எண்கள் வேண்டியிருக்கும். அவற்றை நனைந்த உடையில், நடுங்கும் விரல்களால் குத்திக்கொள்ளவும் வேண்டியிருக்கும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் அணிகிற, உடலோடு ஒட்டிக் கிடக்கும் ட்ரை சூட் என்னும் உடையில் ஊக்கு போடும் ஓட்டைகள் நாளடைவில் கிழிசலாக மாறுவதும் உண்டு. ஒரே எண்ணை இடுப்பைச் சுற்றி நகர்த்திக்கொள்ள முடிவதுதான் பட்டையின் பயன். மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கேள்வி: சைக்கிளில் பின்னால், ஓட்டத்தில் முன்னால் என்பதற்குக் காரணம் என்ன? பட்டையைத் திருப்பும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் எண் ஒரு மூலையில் கழன்றுவிடுகிறது.

பதில்: எண் நமக்காக ஏற்பட்டதன்று, நம்மைப் பார்க்கிறவர்களுக்காக ஏற்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் காரணம் தானே விளங்கும். சைக்கிளில் செல்லும்போது நடுவர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்துதான் வருவார்கள். முன்னே செல்பவருக்கு மிக அருகில் ஒட்டிச் செல்கிறீர்களா என்பதை அவர்கள் பின்னாலிருந்துதான் கவனிப்பார்கள். தவிர, ஹேண்டில்பாரின் மேல் குனிந்திருக்கும் நிலையில் எண் வயிற்றுப் பக்கம் இருந்தால் ஒருவர் கண்ணுக்கும் படாது. தொடை மேலே வரும்போதெல்லாம் அதில் உரசும். காற்றும் அதில் புகுந்துகொள்ளும். ஓட்டத்தில் நிலைமை தலைகீழ். தண்ணீர் கொடுப்பவரும், புகைப்படம் எடுப்பவரும், இறுதிக் கோட்டருகே நின்று பெயரை அறிவிப்பவரும் உங்களுக்கு எதிரே இருப்பவர்கள்.

எல்லாப் போட்டிகளும் சைக்கிள் பகுதியில் இடுப்பு எண்ணைக் கட்டாயமாக்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டிலும் ஹெல்மெட்டிலும் ஒட்டுவதற்கு எண் ஸ்டிக்கர் கொடுத்துவிட்டு, இடுப்பு எண் ஓட்டத்துக்கு மட்டும் போதும் என்று சொல்லும் அமைப்பாளர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு விதி உங்கள் முழுத் திட்டத்தையும் மாற்றிவிடும் என்பதால், போட்டிக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மூலை கழல்வதற்கு வருவோம். நீங்கள் காகிதத்தைப் பிடித்து இழுத்துத் திருப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் செய்வது அதுதான். இரு கைகளின் கட்டைவிரல்களையும் இடுப்பின் இரு பக்கங்களிலும் பட்டைக்குள் நுழைத்து, வயிற்றிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டையைத்தான் சுற்ற வேண்டும். எண் அதன் பின்னாலேயே வந்துவிடும். எண்ணின் மூலைகளில் உள்ள துளைகள்தாம் முதலில் கிழியும் இடம் என்பதால், போட்டிக்கு முந்தைய நாளே அவற்றின் பின்புறம் சிறு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, அதிலேயே மீண்டும் துளையிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: பட்டையைப் பக்கிள் போட்டு வைத்துவிட்டு, கால்சட்டை போடுவது போலக் காலை நுழைத்து மேலே இழுத்துக்கொள்வது வேகமானது என்று நண்பர் சொல்கிறார். திறந்து வைத்து, இடுப்பில் சுற்றி மாட்டுவதே சரி என்கிறார் பயிற்சியாளர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் பயிற்சியாளர் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் நண்பர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நீச்சலை முடித்து வரும் உடலை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இவ்வளவு நேரம் படுத்த நிலையில் இருந்தவர் திடீரென எழுந்து ஓடுகிறார். தலை லேசாகச் சுற்றுகிறது. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கின்றன. நீர் குளிர்ந்ததாக இருந்தால் அவை மரத்தும் போயிருக்கும். பக்கிளின் கொண்டி வாய்க்குள் நுழையாமல் பக்கத்தில் இடறுகிறது. எதிரே இருப்பவர் அதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். இந்த அவதியைத் தவிர்க்கத்தான் நண்பர் கால் நுழைக்கும் முறையைச் சொல்கிறார். ஆனால் அதற்கு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், ஒரு முறை அல்ல, இரண்டு முறை. ஈரப் பாதத்தில் இலாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். கணுக்காலில் கட்டியிருக்கும் நேரம் கணக்கிடும் சிப்பில் சிக்கும். காகித எண் குதிகாலடியில் மிதிபடும். தலை சுற்றிக்கொண்டிருக்கும் வேளையில் ஒற்றைக்கால் தவம் வேண்டாம்.

திறந்து வைக்கும் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதியவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பக்கிள் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும்படிதான் பெரும்பாலான பட்டைகள் அமைந்திருக்கும். ஆகவே எண்ணை முதுகுப் பக்கம் போட்டுச் சுற்றினால், பக்கிள் தொப்புளுக்கு நேரே, கண்ணெதிரில் வந்து நிற்கும், பார்த்தே மாட்டிவிடலாம். மாறாக, எண்ணை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சுற்றினால் பக்கிளை முதுகுத்தண்டுக்குப் பின்னால் தடவித் தடவித்தான் மாட்ட முடியும். ஓட்டத்துக்கு மட்டும் பட்டை அணிவதாக இருந்தாலும், எண்ணை முதுகில் வைத்து முன்னால் பக்கிளை மாட்டிய பிறகு ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வதே எளிது. ‘டக்’ என்ற ஒலி காதில் விழுந்த பிறகும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பாதி நுழைந்த கொண்டி இரண்டாவது கிலோமீட்டரில்தான் தன் குணத்தைக் காட்டும்.

வைக்கும் விதமும் முக்கியம். மல்லாத்தி வைத்த ஹெல்மெட்டின் மேல் பட்டையைத் திறந்தபடி, எண்ணின் அச்சிட்ட பக்கம் தரையைப் பார்க்க வைத்தால், இரு முனைகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும்போது எண் வெளிப்பக்கம் பார்த்தபடி அமையும். வீட்டில் ஒரு முறை வைத்து எடுத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பது கைக்கே பழகிவிடும். பழகாமல் போனவர்கள், அச்சிடாத வெள்ளைப் பக்கத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு போவதை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன்.

கேள்வி: ஹெல்மெட்டா, பட்டையா, எது முதலில்?

பதில்: ஹெல்மெட். சைக்கிளைத் தொடுவதற்கு முன் ஹெல்மெட் தலையில் இருந்து, அதன் வாரும் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பட்டைக்கு அப்படியொரு விதி இல்லை. ஹெல்மெட் வாரை மறந்து சைக்கிளை எடுத்தால் நடுவர் அங்கேயே நிறுத்துவார். பட்டையை மறந்தால் இரண்டடி பின்னால் வந்து எடுத்துக்கொள்ளலாம். சைக்கிள் பகுதிக்கு எண் தேவையில்லாத போட்டியாக இருந்தால், பட்டையை ஹெல்மெட்டுடன் வைக்காமல், ஓட்டக் காலணி, தொப்பி இவற்றோடு வையுங்கள். காலணி மாட்டியதும் தொப்பியையும் பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, ஓடிக்கொண்டே கட்டிக்கொள்ளலாம். நின்று செய்ய வேண்டாத எதையும் நின்று செய்யாதீர்கள்.

கேள்வி: வெட்சூட்டுக்கு (நீந்தும்போது அணியும் ரப்பர் உடைக்கு) உள்ளேயே பட்டையைக் கட்டிக்கொண்டு நீந்தலாமா? சிலர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

பதில்: போட்டி விதி இடம் கொடுத்தால் மட்டும் செய்யலாம்; பல போட்டிகளில் இடமில்லை. நனைந்தாலும் எளிதில் கிழியாத டைவெக் என்னும் பாலிஎத்திலீன் இழைத் தாளில் எண்ணை அச்சிட்டிருந்தால் அது நீரைத் தாங்கும். சாதாரணக் காகிதமாக இருந்தால் கரையேறும்போது உங்கள் கையில் கூழ்தான் மிஞ்சும். டைவெக்காகவே இருந்தாலும், வெட்சூட்டை இடுப்புக்குக் கீழே உரிக்கும்போது பட்டையும் அதனோடு சேர்ந்து தொடைக்கு இறங்க வாய்ப்பு அதிகம். சில நொடிகள் மிச்சமாகும் என்பது உண்மை. பரிசு மேடைக்குப் போட்டி போடுகிறவருக்கு அந்த நொடிகள் பெரிது. முதல் போட்டியை முழுதாக முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவருக்கு அது வீண் தொல்லை. வெட்சூட் இல்லாமல் நீந்துகிற போட்டியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எண் நீரில் படபடத்து உங்களைப் பின்னுக்கு இழுக்கும், கழன்றும் போகும்.

கேள்வி: ஓட ஆரம்பித்ததும் பட்டை மேலே மேலே ஏறி விலா எலும்பு வரை வந்துவிடுகிறது. தளர்த்தினால் கீழே இறங்கித் தொடையில் அடிக்கிறது. நான் ஒரு பெண். பட்டை ஆண்களுக்காகவே செய்யப்படுகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சந்தேகத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் இங்கே குற்றவாளி பட்டையைவிட இடுப்பின் வடிவம். இழுவிசையோடு சுற்றப்பட்ட எந்தப் பட்டையும், உடல் குலுங்கக் குலுங்க, சுற்றளவு குறைவான இடத்தை நோக்கி நகரும். இடுப்பெலும்பின் அகன்ற பகுதியில் கட்டினால், அதற்கு மேலே உள்ள ஒடுங்கிய இடைக்குத்தான் அது போய்ச் சேரும். அதோடு போராடுவதைவிட, தொடக்கத்திலேயே அந்த ஒடுங்கிய இடத்தில், தொப்புளை ஒட்டிக் கட்டிவிடுங்கள். போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்ட பட்டை அதற்கப்புறம் அசையாது. உட்புறத்தில் சிலிகான் கோடுகள் ஓடும் பட்டைகள் துணியைப் பற்றிக்கொள்வதால் அவையும் உதவும்.

தளர்வு எவ்வளவு வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் போட்டிக்கு முந்தைய இரவு, வீட்டில் அணிந்திருந்த தடித்த பருத்திச் சட்டையின் மேல் பட்டையைக் கட்டி, ‘பொருத்தமாக இருக்கிறது’ என்று மனநிறைவோடு தூங்கப் போனேன். மறுநாள் நனைந்த மெல்லிய ட்ரை சூட்டின் மேல் அதே பட்டை வழுக்கிக்கொண்டு முழங்காலுக்கு வந்துவிட்டது. ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரை, வேட்டி அவிழ்ந்தவர் போல, ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டேதான் ஓடினேன். போட்டியில் அணியப் போகும் உடையை அணிந்து, அதைத் தண்ணீரில் நனைத்து, பட்டையைக் கட்டிக்கொண்டு, பத்து நிமிடம் ஓடிப் பார்த்து அளவை வையுங்கள். ஆழமாக மூச்சை இழுத்தால் பட்டை வயிற்றை அழுத்தக் கூடாது. குதித்தால் இறங்கவும் கூடாது. அளவு வைத்த பிறகு மிஞ்சும் நாடா வாலை மடித்து ஒட்டிவிடுங்கள், அல்லது சிறிது விட்டு வெட்டிவிடுங்கள். ஓடும் நேரம் முழுவதும் அது தொடையில் தட்டிக்கொண்டிருப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும், பத்தாவது கிலோமீட்டரில் தோன்றாது.

கேள்வி: காற்றில் எண்ணின் கீழ்ப்பகுதி மேலே புரண்டுவிடுகிறது. மடித்துச் சிறிதாக்கலாமா?

பதில்: கூடாது. எண்ணை மடிப்பதையும் வெட்டுவதையும் பெரும்பாலான விதிப்புத்தகங்கள் தடை செய்கின்றன. எண்ணோடு அச்சிட்டிருக்கும் விளம்பரதாரர் பெயரும் தெரிய வேண்டும் என்பது அமைப்பாளர்களின் கவலை. அதற்குப் பதில், எண்ணை இரு கைகளாலும் நன்றாகக் கசக்கிப் பந்தாக்கி, மீண்டும் பிரித்து நீவி விடுங்கள். விறைப்பான தாள் காற்றைப் பாய்மரம் போல வாங்கும். கசங்கி மென்மையான தாள் துணி போல உடலோடு படிந்துவிடும். இரண்டு மூன்று முறை கசக்கினால் போதும். புத்தம் புதிய எண்ணைக் கசக்க மனம் வராதுதான்.

கேள்வி: ஒலிம்பிக் ட்ரையத்லானைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அங்கே ஒருவர் இடுப்பிலும் எண்ணைக் காணவில்லையே?

பதில்: இன்றைய ஒலிம்பிக்கிலும் உலகத் தொடர் போட்டிகளிலும் ஓடுகிற முன்னணி வீரர்களுக்கு எண்ணைக் கைகளிலும் கால்களிலும் ஒட்டுப் பச்சையாகப் பதித்துவிடுகிறார்கள். உடையிலேயே பெயரும் நாடும் அச்சிடப்பட்டிருக்கும். சில டஜன் பேர் மட்டுமே ஓடும் போட்டிக்கு அது போதும். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்கும் பொதுப் போட்டிக்கு இடுப்பு எண்தான் நடைமுறை. ஒலிம்பிக் வீரர்களைப் பார்த்து நீங்களும் பட்டையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: ஆற்றல் ஜெல் பாக்கெட்டுகளைப் பட்டையிலேயே செருகிக்கொள்ளலாம் அல்லவா? எத்தனை?

பதில்: வளையங்கள் உள்ள பட்டையில் செருகலாம். வளையம் ஆறு இருக்கிறது என்பதற்காக ஆறையும் நிரப்பினால் பட்டை குலுங்கத் தொடங்கும். இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம். எண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் செருகாதீர்கள். எண் முன்னால் வந்ததும் ஜெல் முதுகுக்குப் போய்விடும், கை எட்டாது. எண்ணின் இரு ஓரங்களை ஒட்டி, விலாப் பக்கம் இருக்கட்டும். தின்று முடித்த உறையைக் கண்ட இடத்தில் வீசினால் தண்டனை உண்டு. யார் வீசியது என்பதை உங்கள் இடுப்பிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: இதே பட்டையை மாரத்தானிலும் பயன்படுத்தலாமா?

பதில்: அமைப்பாளர் தடுக்காவிட்டால் பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: நேரம் கணக்கிடும் சிப் எண்ணின் பின்பக்கத்திலேயே ஒட்டியிருந்தால், அது உடலின் முன்புறம், மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். மார்பில்தான் அணிய வேண்டும் என்று சொல்லியிருந்தால் பட்டையை விட்டுவிட்டு ஊக்கை எடுங்கள். ட்ரையத்லானில் சிப் பெரும்பாலும் கணுக்காலில் தனியாகக் கட்டப்படுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அதை இடது காலில் கட்டுங்கள். வலப்பக்கம் சைக்கிளின் சங்கிலி இருக்கிறது.

கேள்வி: எண்ணின் பின்புறம் பெயர், இரத்த வகை, தொலைபேசி எண் என்று ஏதேதோ கேட்டு அச்சிட்டிருக்கிறார்கள். நிரப்ப வேண்டுமா?

பதில்: கட்டாயம் நிரப்புங்கள், நீரில் கரையாத மையால். நீங்கள் பேச முடியாத நிலையில் விழுந்தால் மருத்துவக் குழு முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணாக, உங்களோடு அதே போட்டியில் ஓடும் நண்பரின் எண்ணை எழுதிவிடாதீர்கள். அவருடைய போன் மாறுமிடத்தில், அவர் பைக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: போட்டியை முடித்தபோது எடுத்த படம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. என் எண்ணைத் தேடினால் வேறு யாரோ வருகிறார்.

பதில்: படங்களைப் பிரிப்பது எண்ணை வைத்துத்தான். ஓட ஓடப் பட்டை சுழன்று எண் இடுப்பின் பக்கவாட்டுக்குப் போயிருக்கும். அல்லது கடைசி நேரத்தில் குளிருக்குப் போட்ட மேலாடை அதை மூடியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் அதிகம்: கோட்டைத் தாண்டும் அதே நொடியில் கைக்கடிகாரத்தை நிறுத்துவதற்காகக் குனிந்து, இரு கைகளையும் வயிற்றுக்கு நேரே கொண்டுவந்திருப்பீர்கள். கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது பட்டையை நேராக்குங்கள், உடையின் ஜிப்பை மேலே இழுங்கள், கைகளை உயர்த்துங்கள். கடிகாரத்தைப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் நேரம் கணுக்காலில் இருக்கிறது.